மலிவு ரீலும் பந்தயத் தூண்டிலும்

1932ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் தேதி, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்னும் இளம் விவசாயி, நண்பர் ஒருவருடன் மான்ட்கோமெரி ஏரி எனப்படும் நீர்நிலைக்கு மீன் பிடிக்கச் சென்றார். பெரும் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. நண்பர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே தூண்டிற்கோலும் ஒரே ரீலுமே இருந்தன என்றும், முறைவைத்து மாறி மாறி வீசினர் என்றும் கூறப்படுகிறது. அன்று பெர்ரியின் தூண்டிலில் அகப்பட்ட அகன்ற வாய்ப் பாஸ் மீனின் எடை 22 ராத்தல் 4 அவுன்ஸ். அதாவது பத்துக் கிலோகிராமுக்குச் சற்று மேல். ஒரு பத்திரிகை நடத்திய பெரிய மீன் போட்டியில் அம்மீனுக்கு 75 டாலர் மதிப்புள்ள பொருள்கள் பரிசாகக் கிடைத்தன. மீனை வீட்டார் சமைத்து உண்டனர். அந்த எடையை எட்டிய மீன் அதன் பின்னர் 77 ஆண்டுகள் வரை எவருக்கும் அகப்படவில்லை. 2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஜப்பானில் பீவா ஏரியில் மனாபு குரிடா என்பவர் பிடித்த மீன் ஓர் அவுன்ஸுக்கும் சிறிது குறைவான அளவே அதிகமாக இருந்தது. பழைய எடையை முறியடிப்பதற்குக் குறைந்தது இரண்டு அவுன்ஸ் வேறுபாடு வேண்டும் என்பது சர்வதேச விதியாதலால், இருவரும் சமநிலையில் உள்ளவர்களாகவே பதிவு செய்யப்பட்டனர்.

ஏழை விவசாயி ஒருவரின் எளிய சாதனத்தால் உலகப் புகழ் எய்தக்கூடும் என்பதற்குப் பெர்ரியின் வரலாற்றை எடுத்துக்காட்டுவது அமெரிக்கத் தூண்டிற்காரர்களின் வழக்கம். ஆயினும், ஒரு நாள் ஒரு மீனைப் பிடிப்பது வேறு. வரையறுத்த நாள்களில், வரையறுத்த நேரத்துக்குள், பிறருடன் போட்டியிட்டு மீன் பிடிப்பது வேறு. பின்னதில் மலிவான ரீலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது அங்கே அடிக்கடி எழும் கேள்வி. இக்கேள்விக்கு விடை காண முயலும்போது உராய்வு, சடத்துவம், சுழிப்பு மின்னோட்டம் முதலிய பௌதிகப் பாடங்கள் ஒவ்வொன்றாக வந்து நிற்கின்றன.

மீனும் போட்டியும்

அகன்ற வாய்ப் பாஸ் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கு உரிய நன்னீர் மீன். நீர்ப்பாசிக் கூட்டங்கள், விழுந்து கிடக்கும் மரங்கள், படகுத்துறைக் கால்கள் ஆகியவற்றின் நிழலில் மறைந்திருந்து, அருகில் வரும் சிறு மீன், தவளை, நண்டு வகைகளைத் திடீரெனப் பாய்ந்து விழுங்கும். வசந்த காலத்தில் நீர் சற்று வெதுவெதுப்பானதும் ஆண் மீன் ஆழம் குறைந்த இடத்தில் கூடு அமைத்து, முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கும். அசையும் பொருள் எதையும் தாக்கும் இயல்புடையதாதலால், மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் செய்த பொய்யிரைகளுக்கு எளிதில் ஏமாறும். இந்த ஒரு குணமே அதனைப் பந்தய மீனாக்கியது எனலாம்.

இதே குணம் பிற நாடுகளில் கேடாக முடிந்திருப்பதையும் மீன்வளப் பணியாளர்கள் நினைவில் கொள்ளுதல் நன்று. ஜப்பானில் 1925ஆம் ஆண்டு ஆஷி ஏரியில் விடப்பட்ட இம்மீன் பின்னர் நாடெங்கும் பரவி, உள்நாட்டுச் சிறுமீன்களை அழிக்கத் தொடங்கியது. பீவா ஏரி அமைந்துள்ள ஷிகா மாநிலத்தில் பிடித்த பாஸ் மீனை மீண்டும் நீரில் விடுவது 2003ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டது. 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தேசியச் சட்டத்தின்படி, கேடு விளைக்கும் வேற்றினங்களின் பட்டியலிலும் இது சேர்க்கப்பட்டது. தூண்டில் விளையாட்டின் பொருட்டு இம்மீனை இந்திய நீர்நிலைகளுக்குக் கொணர வேண்டும் என்று எவரேனும் யோசனை கூறின், ஜப்பானின் அனுபவத்தை அவருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். நம் ஆறுகளில் மகசீர் என்னும் சிறந்த விளையாட்டு மீன் இருக்கிறது. அதுவே இன்று பாதுகாப்பை வேண்டி நிற்கும் நிலையில் உள்ளது.

பாஸ் மீன் போட்டிகளை இன்றைய வடிவில் அமைத்தவர் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த ரே ஸ்காட். காப்பீட்டு முகவராயிருந்த அவர் 1967ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் முதல் போட்டியை நடத்தினார். 106 பேர் தலைக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம் செலுத்திக் கலந்துகொண்டனர். அடுத்த ஆண்டே இதற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் முதல் மாபெரும் இறுதிப் போட்டி 1971ஆம் ஆண்டு நெவாடாவின் மீட் ஏரியில் நடைபெற்றது. போட்டி எந்த ஏரியில் என்பதே கலந்துகொண்ட 24 பேருக்கும் முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. விமானம் வானில் எழும்பிய பின்னரே தெரிவிக்கப்பட்டது. பாபி மர்ரி என்பவர் வென்று 10,000 டாலர் பரிசு பெற்றார். 1972ஆம் ஆண்டு முதல் மீன்களை உயிருடன் வைத்திருந்து, எடை பார்த்த பின் நீரிலேயே திரும்ப விடும் வழக்கத்தை ஸ்காட் புகுத்தினார். மீன்வளத் துறையினர் அவருக்கு நன்றி பாராட்டத்தக்க செயல் இதுவே.

இன்றைய விதிகளின்படி ஒருவர் ஒரு நாளைக்கு ஐந்து மீன்களையே எடை மேடைக்குக் கொணரலாம். குறித்த நீளத்துக்குக் குறைந்த மீன் கணக்கில் வராது. மீன் இறந்திருந்தால் எடையில் ஒரு பகுதி கழிக்கப்படும். குறித்த நேரத்துக்குள் திரும்பாத படகுக்கும் அபராதம் உண்டு. வென்றவரைப் பொய் அறியும் கருவியின் முன் அமர்த்தி விசாரிப்பதும் உண்டு என்பது, பரிசுத் தொகை எவ்வளவு பெருகிவிட்டது என்பதற்குச் சான்று. 2005ஆம் ஆண்டு பிட்ஸ்பர்க் நகரின் ஆறுகளில் நடந்த இறுதிப் போட்டியில் கெவின் வான்டாம் மூன்று நாள்களில் சேர்த்த மொத்த எடை 12 ராத்தல் 15 அவுன்ஸ். அடுத்து வந்த ஆரன் மார்டென்ஸ் சேர்த்தது 12 ராத்தல் 9 அவுன்ஸ். ஆறு அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 170 கிராம். ஒரு கொய்யாப் பழத்தின் எடை. அந்த வேறுபாடே இரண்டு லட்சம் டாலர் பரிசு யாருக்கு என்பதை முடிவு செய்தது. இத்தகைய போட்டியில் ரீலின் பற்சக்கரம் ஒருமுறை வழுக்கினாலும், நரம்பு ஒருமுறை சிக்கினாலும், கையில் வந்த மீன் நழுவலாம். அந்த ஒரு மீனுக்கு ஈடு செய்ய முடியாமற் போகலாம்.

கடிகாரம் செய்தவர்களின் கைவண்ணம்

ரீல் என்பது நரம்பைச் சுற்றி வைக்கும் வெறும் உருளையாகவே நெடுங்காலம் இருந்தது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றும்படி பற்சக்கரங்களைச் சேர்த்து, பாஸ் மீனுக்கென நுட்பமாகச் செய்தவர் கென்டகி மாநிலத்துப் பாரிஸ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த ஜார்ஜ் ஸ்னைடர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அவர் தொழிலால் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அவருக்குப் பின் அதே மாநிலத்தில் மீக் சகோதரர்களும் மிலமும் கையாலேயே இத்தகைய ரீல்களைச் செய்து புகழ் பெற்றனர். அக்காலத்துக் கென்டகி ரீல் செல்வர் கைப்பொருளாகவே இருந்தது. நரம்பு உருளையில் ஒரே சீராகப் படியும்படி இடமும் வலமும் நகர்ந்து வழிகாட்டும் அமைப்பு, 1890களில் மிச்சிகன் மாநிலத்துக் கலமாசூ நகரின் வில்லியம் ஷேக்ஸ்பியரால் காப்புரிமை பெற்றது. நாடகாசிரியரின் பெயரைத் தாங்கிய இவர் வேறு, குழப்பம் வேண்டா.

கடிகாரத்தின் உறவு அத்துடன் அற்றுப் போகவில்லை. ஸ்வீடன் நாட்டின் ஸ்வாங்ஸ்டா என்னும் ஊரில் 1921ஆம் ஆண்டு சட்டைப்பைக் கடிகாரம் செய்வதற்கெனத் தொடங்கிய ஆபு என்னும் தொழிற்சாலை, பின்னர் வாடகை மோட்டார்களின் கட்டணமானி செய்தது. இரண்டாம் உலகப் போரின்போது ரீல் செய்யத் தலைப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் அது வெளியிட்ட அம்பாசடர் 5000 என்னும் ரீல் அமெரிக்கப் பாஸ் தூண்டிற்காரர்களிடையே நெடுங்காலம் உயர்ந்த இடம் பெற்றிருந்தது.

மலிவு ரீலின் வரலாற்றிலும் ஒரு கடிகாரக்காரரே இடம்பெறுகிறார். ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரில், எண்ணெய்க் கிணறுகளுக்குள் குறித்த நேரத்தில் வெடிக்கும் குண்டுகளைச் செய்து வந்த ஒரு கம்பெனி, வியாபாரம் குன்றியமையால் வேறு பொருள் தேடிக்கொண்டிருந்தது. டெக்சஸ் மாநிலத்தவரும் கடிகாரம் பழுதுபார்ப்பவருமான ஆர். டி. ஹல் 1947ஆம் ஆண்டு ஒரு புதிய யோசனையுடன் அங்கே வந்தார். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுபவர், அசையாமல் நிற்கும் நூற்கண்டிலிருந்து நூலை மேற்புறமாக உருவி எடுப்பதைக் கண்டு அவருக்கு அந்த எண்ணம் பிறந்ததாம். உருளை சுழலாமல் நிற்க, நரம்பு மட்டும் வளைவளையாக உருவி வெளியேறும்; முன்புறம் ஒரு மூடி. 1949ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இந்த ரீலில் நரம்பு சிக்குவது அரிது. சிறுவரும் பயிற்சியின்றி வீசலாம். விலையோ மிகக் குறைவு. வெடிகுண்டுக் கம்பெனியின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உண்டான ‘ஜெப்கோ’ என்னும் பெயரில் இது பெரும்புகழ் அடைந்தது. எனினும், மூடியின் துளை விளிம்பில் நரம்பு உரசித் தூரம் குறைவதாலும், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ஏறும் நரம்பின் நீளம் குறைவாதலாலும், பாஸ் போட்டியில் இவ்வகை அருகியே காணப்படுகிறது. அங்கே ஆட்சி செலுத்துவது கென்டகி ரீலின் வழிவந்த சுழலும் உருளை ரீலே. ஆகவே மலிவு பற்றிய விசாரணையும் அதனைப் பற்றியே செய்தல் வேண்டும்.

உருளையின் சடத்துவம்

சுழலும் உருளை ரீல் தூண்டிற்கோலின் மேற்புறத்தில் அமையும். வீசும்போது பற்சக்கரத் தொடர்பை ஒரு பொத்தானால் விடுவித்து, உருளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கோலை விசிறி, தக்க கணத்தில் விரலைத் தளர்த்த வேண்டும். பறந்து செல்லும் பொய்யிரை நரம்பை இழுக்கிறது. நரம்பு உருளையைச் சுழற்றுகிறது. 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையின் சுற்றளவு சுமார் 10 சென்டிமீட்டர். இரை விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொண்டால், உருளை விநாடிக்கு 200 முறை, அதாவது நிமிடத்துக்கு 12,000 முறை சுழல வேண்டும். காற்றின் தடையால் இரையின் வேகம் விரைவாகக் குறைகிறது. உருளையோ சடத்துவத்தினால் பழைய வேகத்திலேயே சுழல முற்படுகிறது. இரைக்குத் தேவையானதைவிட அதிக நரம்பை அது வெளித்தள்ள, தள்ளிய நரம்பு உருளையின் மேலேயே சுருண்டு குருவிக்கூடு போலச் சிக்கிக்கொள்கிறது. இச்சிக்கை அவிழ்ப்பதில் போட்டியாளர் இழக்கும் பத்து நிமிடங்களை எவரும் திருப்பித் தருவதில்லை.

இங்கே விலையுயர்ந்த ரீலுக்கும் மலிவு ரீலுக்கும் உள்ள முதல் வேறுபாடு தோன்றுகிறது. உருளையின் விளிம்பு வேகமும் இரையின் வேகமும் தொடக்கத்தில் ஒன்றேயாதலால், உருளையும் அதில் சுற்றிய நரம்பும் விளிம்பிலேயே குவிந்த ஒரு நிறையாகக் கருதப்படலாம். கையின் விசிறலால் கிடைக்கும் சக்தி அந்த நிறைக்கும் இரைக்கும் பங்கிடப்படுகிறது. மலிவு ரீலின் தடித்த உருளைக்கும் நரம்புக்கும் இந்நிறை 20 கிராம் என்றும், விலையுயர்ந்த ரீலின் மெல்லிய அலுமினிய உருளைக்கு 8 கிராம் என்றும் உதாரணமாக வைத்துக்கொள்வோம். 14 கிராம் எடையுள்ள இரையை வீசினால், முதல் ரீலில் சக்தியின் 41 சதவிகிதமும் இரண்டாவதில் 64 சதவிகிதமும் இரைக்குச் சேரும். 5 கிராம் எடையுள்ள சிறிய இரையாயின், முதலாவதில் 20 சதவிகிதம், இரண்டாவதில் 38 சதவிகிதம். உருளையில் தங்கிய மிகுதிச் சக்தி முழுவதும் பின்னர்ச் சிக்கு உண்டாக்கும் சக்தியாகவே நிற்கிறது என்பதை மறத்தலாகாது.

இக்கணக்கிலிருந்து பெறப்படுவது தெளிவு. அரை அவுன்ஸும் அதற்கு மேலும் எடையுள்ள இரைகளை வீசுவதற்கு மலிவு ரீல் ஏறத்தாழப் போதுமானது. பாசிக் கூட்டத்தின் மேல் இழுத்துச் செல்லும் செயற்கைத் தவளை, சுழலும் தகடு பூட்டிய இரை, ஈயத்தலை உடைய இரை ஆகியவை இத்தகையன. கால் அவுன்ஸுக்குக் குறைந்த மெல்லிய இரைகளுக்கு அது தகாது. ஆனால் அவ்விரைகளை வீசுவதற்குச் சுழலும் உருளை ரீலே வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. 1905ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஆல்பிரட் இல்லிங்வர்த் காப்புரிமை பெற்ற அசையா உருளை ரீலின் இன்றைய வடிவங்கள் குறைந்த விலையிலேயே அவ்வேலையைச் செவ்வனே செய்கின்றன. கம்பளி ஆலைத் தொழிலைச் சேர்ந்த அவருக்கு நெசவாலையின் நூல் உருளை வழிகாட்டியது.

உருளையின் மிகுதி வேகத்தைக் கட்டுப்படுத்த இருவகைப் பிரேக்குகள் உள்ளன. முதல் வகையில், உருளையின் பக்கத்தில் குச்சிகளில் கோத்த சிறு துண்டுகள் சுழற்சியினால் வெளிநோக்கித் தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசுகின்றன. இவ்வெளிநோக்கு அழுத்தம் சுழல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆதலால் புறப்படும்போது தடை மிகுதி. வேகம் பாதியாகும்போது தடை கால் பங்காகிவிடும். இரண்டாம் வகையில், காந்தத் துண்டுகளின் அருகே அலுமினிய உருளை சுழல, அதனுள் தோன்றும் சுழிப்பு மின்னோட்டம் சுழற்சியை எதிர்க்கிறது. இத்தடை வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், பறத்தலின் இறுதி வரை ஓரளவு நீடிக்கிறது. தூரம் சிறிது குறைந்தாலும் சிக்கு உண்டாகும் அபாயம் குறைவு. காந்தப் பிரேக் செய்வதற்கு எளிது. வெளிப்புறத்திலுள்ள ஒரு திருகினாலேயே மாற்றி அமைக்கலாம். மலிவு ரீல்கள் பலவற்றில் இதுவே காணப்படுவதன் காரணம் அதுதான். வலிய காந்தம் ஒன்றைச் செப்புக் குழாய்க்குள் விழவிட்டு, அது தயங்கித் தயங்கி இறங்குவதை மாணவர்களுக்குக் காட்டும் ஆசிரியர் இந்தப் பிரேக்கின் தத்துவத்தையே காட்டுகிறார்.

ஆயினும், சிறந்த பிரேக் கட்டைவிரலே என்பது அனுபவசாலிகளின் ஒருமித்த அபிப்பிராயம். இரை நீரைத் தொடும் கணத்தில் உருளையை விரலால் நிறுத்தப் பழகியவனுக்கு ஐம்பது டாலர் ரீலும் சிக்காது. பழகாதவனுக்கு ஐந்நூறு டாலர் ரீலும் சிக்கும்.

பற்சக்கரமும் சட்டமும்

மலிவு ரீலின் உண்மையான குறை வீசும்போது அன்று, சுற்றி இழுக்கும்போதே வெளிப்படுகிறது. கைப்பிடி ஒருமுறை சுற்றினால் உருளை 6.4 முறை சுற்றும் ரீலை எடுத்துக்கொள்வோம். உருளை நிறைந்திருக்கும்போது ஒரு சுற்றுக்கு 64 சென்டிமீட்டர் நரம்பு ஏறும். 25 மீட்டர் வீசிய இரையைத் திரும்ப இழுக்கச் சுமார் 39 சுற்றுகள் வேண்டும். எட்டு மணி நேரப் போட்டியில் அரை நிமிடத்துக்கு ஒருமுறை வீசினால் 960 வீச்சு. அதாவது, ஒரே நாளில் கைப்பிடி ஏறக்குறைய 37 ஆயிரம் சுற்றும், உருளை ஏறக்குறைய 2 லட்சத்து 40 ஆயிரம் சுற்றும் சுற்ற வேண்டும். போட்டிக்கு முந்திய பயிற்சி நாள்களையும் சேர்த்தால், வார விடுமுறையில் மட்டும் மீன் பிடிப்பவரின் பல மாத உபயோகம் ஒரே வாரத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

இந்த உழைப்பைத் தாங்குவது பற்சக்கரத்தின் உலோகத்தையும், அதனைத் தாங்கும் சட்டத்தின் விறைப்பையும் பொறுத்தது. பித்தளையில் வெட்டிய பற்சக்கரம் நெடுநாள் உழைக்கும். அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை விரைவில் தேயும். மலிவு ரீல்களின் சட்டம் பெரும்பாலும் கிராபைட் கலந்த பிளாஸ்டிக்காலானது. எடை குறைவு, துருப்பிடிக்காது என்பன அதன் நற்குணங்கள். ஆனால் ஆழத்தில் முக்கிச் செல்லும் அகன்ற இதழுடைய இரையை இழுக்கும்போது அது சற்றே வளைகிறது. சட்டம் வளைந்தால் பற்சக்கரங்களின் அச்சுகள் தம்முள் விலகுகின்றன, பற்கள் முழு அகலத்தில் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் பொருந்துகின்றன, தேய்வு பன்மடங்காகிறது. கைக்கு ‘கரகர’ என்று தட்டுப்படத் தொடங்கும் ரீல் இந்த நிலையை அடைந்துவிட்டது என்று அறியலாம்.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் பேரிங்குகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்குதல் கூடாது. உருளையின் இரு முனைகளிலும் உள்ள இரண்டு பேரிங்குகளே வீச்சுக்கு இன்றியமையாதவை. கைப்பிடியின் குமிழ்களில் நான்கு மலிவான பேரிங்குகளைச் செருகிவிட்டு எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டுவது வியாபாரத் தந்திரமே. நல்ல நான்கு, மட்டமான பத்தினும் மேல்.

கைப்பிடி பின்னோக்கிச் சுழலாதபடி தடுக்கும் ஒருவழிப் பேரிங்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மீன் இரையைக் கவ்வியதும் கோலை வெட்டி இழுத்து முள்ளைப் பதிக்கும் கணத்தில் இதுவே முழு விசையையும் தாங்குகிறது. தொழிற்சாலையில் அளவுக்கு மீறிக் கிரீஸ் தடவப்பட்ட ரீலில், குளிர்ந்த காலை வேளையில், இதன் உருளைகள் வழுக்கிக் கைப்பிடி பின்னோக்கிப் பாயக்கூடும். அக்கணமே நரம்பு தளர்ந்து மீன் முள்ளை உதறிவிடும். போட்டியில் மலிவு ரீலை நம்பியவர் பெரும் நஷ்டம் அடையக்கூடிய இடம் இது ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் கிரீஸின் குற்றமேயன்றி ரீலின் குற்றமன்று.

இனி இழுப்புத்தடை. மீன் வலிந்து இழுக்கும்போது நரம்பு அறுபடாதபடி, உருளை வழுக்கிக்கொடுக்கும் உராய்வுத் தட்டுகளின் தொகுதி இது. கம்பளித் தட்டுகளைவிடக் கரிநார்த் தட்டுகள் வெப்பத்தையும் ஈரத்தையும் நன்கு தாங்கும். தட்டுகளின் நிலை உராய்வுக்கும் இயக்க உராய்வுக்கும் வேறுபாடு மிகுந்திருந்தால், தடை ஒரே சீராக வழுக்காமல் விக்கி விக்கி நகரும். அந்த முதல் வெட்டில் மெல்லிய நரம்பு அறுந்துவிடும். இன்னொன்றும் உண்டு. தடையின் முறுக்குவிசை மாறாதிருக்க, நரம்பு வெளியேறி உருளையின் ஆரம் குறையக் குறைய, நரம்பின் மீதுள்ள இழுவை கூடுகிறது. 16 மில்லிமீட்டர் ஆரத்தில் 2 கிலோகிராம் இழுவைக்குச் சரிசெய்த தடை, 12 மில்லிமீட்டர் ஆரத்தில் 2.7 கிலோகிராமாகிவிடும். கடல் மீனுக்கும் மகசீருக்கும் இது உயிர்நாடியான கணக்கு. பாஸ் மீனோ நெடுந்தூரம் ஓடுவதில்லை. தடித்த பின்னல் நரம்பில் தடையை இறுக்கி வைத்தே பலர் இழுத்துவிடுகின்றனர். ஆகவே இழுப்புத்தடையின் மேன்மைக்காக மிகுதியான விலை கொடுப்பது பாஸ் போட்டியாளருக்கு அத்துணை அவசியமன்று.

பத்து ரீல்களின் பொருளாதாரம்

போட்டி விதிகளின்படி ஒரு நேரத்தில் ஒரு கோலையே உபயோகிக்கலாம்; ஆனால் வெவ்வேறு இரை பூட்டிய கோல்களைப் படகில் ஆயத்தமாக வைத்திருக்கத் தடையில்லை. முடிச்சை அவிழ்த்து இரையை மாற்றும் நேரத்தை மிச்சப்படுத்தப் பத்துக் கோல்களை அடுக்கி வைத்திருப்பது அங்கே சாதாரணக் காட்சி. ஒன்று 300 டாலர் வீதம் பத்து ரீல் வாங்கினால் 3,000 டாலர். 50 டாலர் வீதம் வாங்கினால் 500 டாலர். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், தங்குமிடம் ஆகியவற்றைக் கைப்பணத்திலிருந்து செலுத்தும் சங்க உறுப்பினருக்கு இந்த 2,500 டாலர் பல போட்டிகளில் கலந்துகொள்வதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் தொகை. தொழில்முறைப் போட்டியாளரின் படகின் விலையோ ஐம்பதாயிரம் டாலரையும் தாண்டும். அவருக்கு ரீல் கம்பெனிகளே சாதனங்களைத் தந்து உதவுவதும் உண்டு; ஆதலால் அவர் கையிலுள்ள ரீலைக் கண்டு மற்றவர் கடைக்கு ஓடுவது அறிவுடைமையாகாது.

மேற்கண்ட தேய்வுக் கணக்கும் இங்கே மலிவு ரீலுக்குத் துணை நிற்கிறது. வேலை பல ரீல்களுக்கிடையே பங்கிடப்படும்போது ஒவ்வொன்றின் தேய்வும் பங்கிடப்படுகிறது. ஒன்று பழுதாயின் மற்றொன்று காலடியில் கிடக்கிறது. நாள் முழுவதும் ஆழமான இரையையே இழுப்பது என்று முடிவு செய்தவர் மட்டும், அந்த ஒரு கோலுக்கு உலோகச் சட்டமும் பித்தளைப் பற்சக்கரமும் உடைய ரீலை வாங்கிக்கொள்வது தக்கது. ஒன்பது மலிவும் ஒன்று உயர்வும் என்னும் இந்த ஏற்பாடு, பத்தும் நடுத்தரம் என்பதைவிட மேலானதாகத் தோன்றுகிறது.

பொருள் வசதி குறைந்தவர் வெல்ல முடியுமா என்னும் ஐயத்துக்கு, கனெக்டிகட் மாநிலத்தின் பிரையன் கெர்ச்சல் சான்றாவார். உணவு விடுதியில் சமையற்காரராயிருந்த அவர், சங்கப் போட்டிகளின் வழியாகத் தேர்ந்து 1993ஆம் ஆண்டு இறுதிப் போட்டிக்கு வந்து கடைசி இடத்தைப் பெற்றார். அடுத்த ஆண்டு வட கரோலினாவின் ஹை ராக் ஏரியில், 23ஆம் வயதில், அதே போட்டியில் முதலிடம் பெற்றார். தொழில்முறைப் போட்டியாளர்களை அவர் வென்றது நீரையும் மீனையும் அறிந்த அறிவினால். அவ்வாண்டு டிசம்பர் மாதமே விமான விபத்தில் அவர் இறந்துபோனது வருந்தத்தக்கது.

பள்ளிகளிலும் இவ்விளையாட்டு புகுந்துள்ளது. இல்லினாய் மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளுக்கான விளையாட்டுச் சங்கம் 2009ஆம் ஆண்டு பாஸ் மீன் பிடித்தலில் மாநிலப் போட்டியை நடத்தியது. பின்னர் வேறு மாநிலங்களும் இதனைப் பின்பற்றின. மாணவர்கள் கையில் இருப்பவை பெரும்பாலும் மலிவு ரீல்களேயாதலால், அவற்றைத் தேர்ந்தெடுக்கவும் பேணவும் கற்பிப்பது ஆங்குள்ள பயிற்சி ஆசிரியரின் வேலையில் ஒரு பகுதியாகிவிட்டது.

கடையிலேயே செய்யத்தக்க சில பரீட்சைகள் உண்டு. கைப்பிடியை மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் மிகுந்திருந்தால் தள்ளிவிட வேண்டும். பக்க மூடியை விரலால் அழுத்தினால் அமுங்குகிறதா என்று நோக்க வேண்டும். உருளையை விடுவித்துத் தட்டிச் சுழற்றினால் அது ஓசையின்றி நெடுநேரம் சுழன்று, படிப்படியாக நிற்க வேண்டும். திடீரென நிற்குமாயின் பேரிங் சரியில்லை. கைப்பிடியைப் பின்னோக்கி வெடுக்கென்று தள்ளினால் அது சிறிதும் இடம் கொடுக்கலாகாது. நரம்பின் நுனியைச் சுருள்வில் தராசில் கட்டி மெதுவாக இழுத்தால், முள் ஓரிடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். முன்னும் பின்னும் துள்ளினால் இழுப்புத்தடை விக்குகிறது என்று பொருள். தடையை நரம்பின் அறுவிசையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் அமைப்பது வழக்கம். இதற்கும் அதே தராசு போதும்.

வாங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, பக்க மூடியைத் திறந்து மிகுதியான கிரீஸைத் துடைத்தெடுப்பது. பற்சக்கரத்துக்கு மெல்லிய பூச்சாகக் கிரீஸும், உருளையின் பேரிங்குகளுக்கு ஒவ்வொரு துளி மெல்லிய எண்ணெயும் போதும். இரண்டையும் இடம் மாற்றிவிடக் கூடாது. ஒருவழிப் பேரிங்கில் கிரீஸ் படவே கூடாது. உருளைப் பேரிங் இரண்டையும் இழுப்புத்தடைத் தட்டுகளையும் சில டாலர் செலவில் நல்லனவாக மாற்றிக்கொள்ளலாம். மலிவு ரீலுக்குச் செய்யும் செலவில் இதைவிடப் பயன் தருவது வேறில்லை. நரம்புக்கு வழிகாட்டும் திருகுதண்டில் மணலும் பாசித்துணுக்கும் சேரும். அதனைப் பழைய பல் துலக்கும் தூரிகையால் துப்புரவு செய்ய வேண்டும். மாலையில் எடை மேடையிலிருந்து திரும்பியதும் ரீல்களைத் துடைத்து, இழுப்புத்தடைத் திருகை முழுவதும் தளர்த்தி வைத்தல் வேண்டும். இறுகிய நிலையிலேயே விட்டால் தட்டுகள் நசுங்கி, மறுநாள் காலையில் முதல் மீனிடமே விக்கத் தொடங்கும்.